துறுதுறு குழந்தைக்கு எந்தப் பொம்மை? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு தாயின் கேள்விக்கு நாலே வரியில் பதில் சொல்லியிருந்தேன். ஓயாமல் ஓடுகிற, மோதுகிற, கண்ணில் படுவதையெல்லாம் தொட்டுப் பார்க்கிற குழந்தைக்குப் பட்டனைத் தட்டினால் பாடும் பொம்மை வேண்டாம், கட்டை, பந்து, துணி, மணல் என்று போங்கள் என்று எழுதியிருந்தேன். அந்த நாலு வரி போதவில்லை என்று இந்த மாதம் வந்த கடிதங்கள் சொல்கின்றன. சரி, இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே. பல வருடங்களாகக் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகளையும் விளையாட்டையும் செய்யப் பயிற்சி தருபவளாக, இருப்பதால், தெரபி அறையில் கண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. சோபா மேலிருந்து குதிக்கிறான், சுவரில் போய் மோதுகிறான், தங்கையை இறுக்கிக் கட்டிப்பிடித்து அழ வைக்கிறான். வீட்டில் இரண்டு பெட்டி நிறைய பொம்மை இருக்கிறது, எதிலும் ஐந்து நிமிடம் நிற்பதில்லை. என்ன வாங்கிக் கொடுத்தால் ஒரு இடத்தில் உட்காருவான் அக்கா?

உங்கள் கேள்வியின் கடைசி வரியை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவனை உட்கார வைக்கிற பொம்மையைத் தேடினால் மூன்றாவது பெட்டியும் நிறைந்துவிடும். அவன் உடம்பு எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டால் வாங்க வேண்டியது ரொம்பக் குறைவு.

பார்ப்பது, கேட்பது, முகர்வது, சுவைப்பது, தொடுவது என்று ஐந்து புலன்களைத்தான் பள்ளியில் படித்தோம். விளையாட்டு என்று வந்தால் இன்னும் இரண்டு முக்கியம். ஒன்று உள்காதில் இருக்கிறது. அங்கே மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சின்னப் பைகளும் உண்டு. தலை சுழல்கிறதா, சாய்கிறதா, உடம்பு முன்னால் போகிறதா, கீழே இறங்குகிறதா என்று மூளைக்குச் சொல்வது அவைதான். இன்னொன்று தசைகளிலும் மூட்டுகளிலும் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைச் சரியாகத் தொட முடிகிறதே, அது இந்தப் புலனால்தான். கனமானதைத் தூக்கும்போதும் தள்ளும்போதும், குதித்துத் தரையில் இறங்கும்போதும், இறுக்கிக் கட்டிக்கொள்ளும்போதும் இதற்குப் பலமான செய்தி போகிறது. சில குழந்தைகளுக்கு அந்தச் செய்தி கொஞ்சமாகப் போனால் போதுவதில்லை, அதனால் தாங்களே தேடிப் போகிறார்கள். புலன் தேடல் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் 1960-களிலும் 70-களிலும் ஆராய்ந்து எழுதியதால்தான் எங்கள் துறையில் இந்தப் பார்வை வேரூன்றியது.

இப்போது உங்கள் மகனைப் பாருங்கள். குதிக்கிறான், மோதுகிறான், இறுக்கிப் பிடிக்கிறான். மூன்றிலும் அவன் தேடுவது தசைக்கும் மூட்டுக்கும் கிடைக்கும் அந்த அழுத்தத்தை. அந்த இரண்டு பெட்டியிலும் இருப்பவற்றில் எத்தனை சாமான் அவன் தோளுக்கும் முதுகுக்கும் காலுக்கும் வேலை கொடுக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது, எல்லாமே விரல் நுனியால் ஆடுபவை.

ஒரு வேலை சொல்கிறேன். இரண்டு நாள் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு அவன் செய்வதையெல்லாம் வினைச்சொல்லாக மட்டும் எழுதுங்கள். குதித்தான், இழுத்தான், உருட்டினான், ஊற்றினான், கடித்தான், சுற்றினான், உள்ளே நுழைந்து ஒளிந்தான். நியாயம் அநியாயம் எதுவும் எழுத வேண்டாம். இரண்டாம் நாள் இரவு எந்தச் சொல் அதிகம் வந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தச் சொல்லைச் செய்ய விடுகிற சாமான்தான் உங்கள் மகனுக்கான பொம்மை, அது கடையில் இருந்தாலும் சரி, வீட்டுப் பரணில் இருந்தாலும் சரி.

தள்ளுவதும் தூக்குவதும் என்றால், உறுதியான ஒரு கூடை. அதில் புத்தகங்களை அடுக்கி அறையிலிருந்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போகட்டும், பாதி வழியில் அது பேருந்தாகும், லாரியாகும், அதை நீங்கள் சொல்லித்தர வேண்டாம். குதிப்பது என்றால், பழைய மெத்தையோ தடிமனான நுரைத் திண்டோ ஒரு மூலையில், சுவரையும் கூர்மையான மரச்சாமானையும் விட்டு விலகி. குதிக்காதே என்று நாளைக்கு நாற்பது தடவை சொல்வதைவிட, குதிக்க இதுதான் இடம் என்று ஒரு தடவை காட்டுவது அவனுக்கும் எளிது, உங்களுக்கும் எளிது. இறுக்கத்துக்கு, பெரிய தலையணைகளும் ஒரு போர்வையும். போர்வையில் பாய் போல அவனைச் சுருட்டி விடலாம், முகமும் கழுத்தும் எப்போதும் வெளியே இருக்க வேண்டும், அவன் போதும் என்றதும் அந்த நொடியே பிரித்துவிட வேண்டும். தங்கையைப் பிடிக்கப் போகும்போது, "அவளை மெதுவா, தலையணையை எவ்வளவு பலமா வேணும்னாலும்" என்று சொல்லுங்கள். நாலு வயதுக்கு இது புரியும், ஆனால் ஒரு நாளில் புரியாது.

அப்புறம், அந்த இரண்டு பெட்டி. முக்கால்வாசியை எடுத்து உள்ளே வையுங்கள். அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில், 18 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள 36 குழந்தைகளை வைத்து 2018-ல் வெளிவந்த ஒரு ஆய்வு உண்டு. ஒரு முறை 4 பொம்மைகள், இன்னொரு முறை 16 பொம்மைகள் கொடுத்துப் பார்த்தார்கள். நாலு மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம் இருந்தார்கள், ஒரே பொம்மையை விதவிதமாகப் பயன்படுத்தினார்கள். உங்கள் மகன் அவர்களைவிடப் பெரியவன், அவன் தேடலும் வேறு, இருந்தாலும் இதை முயன்று பார்க்கச் செலவு எதுவும் இல்லை. பத்து நாளுக்கு ஒரு முறை உள்ளே இருப்பதில் இரண்டை வெளியே எடுங்கள், வெளியே இருப்பதில் இரண்டை உள்ளே வையுங்கள்.

உட்காருவானா என்று கேட்டீர்களே, அரை மணி நேரம் நன்றாகத் தள்ளி, ஏறி, குதித்து முடித்த பிறகு ஒரு உருண்டை களிமண்ணைக் கையில் கொடுத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் இந்த வரிசைதான் பலன் தருகிறது, முதலில் பெரிய தசை, பிறகு கை. தலைகீழாகச் செய்தால் களிமண் சுவருக்குப் போகும்.

கேள்வி: 'சென்சரி பொம்மை' (புலன்களைத் தூண்டும் பொம்மை) என்று எழுதி, விளக்கு மின்னுவது, பாட்டுப் பாடுவது, எழுத்துச் சொல்லித் தருவது என்று நிறைய வருகிறது. என் மகளுக்கு ஒரு வயது. எதையும் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறாள், இது அவளுக்குப் பொருத்தமாக இருக்குமா?

பெட்டியில் என்ன எழுத வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது விற்பவர்கள். அந்தச் சொல்லை அச்சடிக்க எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. மின்னும் பொம்மை கண்ணுக்கும் காதுக்கும் நிறையக் கொடுக்கிறது, உண்மைதான், ஆனால் உங்கள் மகள் தேடுவது கையால் தட்டும்போது கிடைக்கும் அதிர்வை. பட்டனை லேசாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் அதே பாட்டுதான் வரும். ஒரு கவிழ்த்த பாத்திரத்தை லேசாகத் தட்டினால் ஒரு சத்தம், ஓங்கித் தட்டினால் வேறு சத்தம், மரக் கரண்டியால் தட்டினால் இன்னொன்று. தான் செய்ததற்கும் நடந்ததற்கும் உள்ள தொடர்பை அவள் கற்றுக்கொள்வது பாத்திரத்திடம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. 2016-ல் வெளியான ஒரு ஆய்வில், 10 முதல் 16 மாதம் வரையுள்ள 26 குழந்தைகளும் அவர்களுடைய பெற்றோரும் வீட்டில் விளையாடுவதை ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். பேசும் மின்னணுப் பொம்மைகளோடு ஆடியபோது பெற்றோர் குறைவாகப் பேசினார்கள், குழந்தைக்குப் பதில் சொல்வதும் குறைந்தது. மரப் புதிரும் கட்டைகளும் இருந்தபோது பேச்சு கூடியது, படப் புத்தகம் இருந்தபோது இன்னும் கூடியது. பொம்மை பேசினால் நாம் பேச இடம் இல்லை. ஒரு வயதில் அவளுக்கு வேண்டியது நம் குரல். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வருந்த வேண்டாம், பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள், பல பொம்மைகள் அப்போதும் உருளும், அடுக்கலாம், ஒளித்து வைக்கலாம். பேட்டரி இருக்கும் பகுதியை மட்டும் திருகாணி போட்டு நன்றாக மூடுங்கள்.

கேள்வி: அம்மா, எனக்கு வயது 68. பேரனுக்கு இரண்டு முடியப் போகிறது. கையில் எது கிடைத்தாலும் எறிகிறான். கார், கட்டை, டம்ளர், என் கண்ணாடி எல்லாம் பறக்கிறது. அடம் என்கிறார்கள். அடித்துத் திருத்தச் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை.

ஐயா, மனசு வராமல் இருந்தது நல்லது. இது அடம் இல்லை. இரண்டு வயதில் எறிவது ஒரு ஆராய்ச்சி. எது உருளும், எது உடையும், எது திரும்பி வரும், தாத்தா முகம் எப்படி மாறும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதோடு, எறியும்போது தோள் மூட்டுக்குக் கிடைக்கும் இழுப்பு அவனுக்குப் பிடித்திருக்கிறது.

எறியலாம் என்று ஒரு வகைச் சாமானைப் பிரித்துக் கொடுங்கள். பழைய காலுறைகளை உருட்டி முடிச்சுப் போட்ட பந்துகள் பத்து, அப்புறம் ஒரு காலிக் கூடை. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே கூடையைப் பிடிக்கலாம், உங்கள் முழங்காலுக்கும் நல்லது. கொஞ்ச நாள் கழித்துத் துணிப்பைக்குள் மணலை நிரப்பி இரண்டு தடவை தைத்து, அவன் கைக்கு அடங்குகிற அளவில் நாலைந்து பை செய்து கொடுங்கள். மணல் பைக்குக் கனம் இருக்கிறது, விழுந்த இடத்தில் உருளாமல் நிற்கிறது. எறிகிற குழந்தைக்கு இதைவிடத் திருப்தியான சாமான் நான் கண்டதில்லை. அவன் அதைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பான், கூடையில் கொட்டுவான், வண்டியில் ஏற்றுவான். தையல் பிரிகிறதா என்று மட்டும் வாரம் ஒரு முறை பாருங்கள்.

கார் பறந்தால் சத்தம் போடாமல், "கார் ஓடும், பை பறக்கும்" என்று சொல்லிக் காரை வாங்கி வைத்துவிட்டுப் பையைக் கையில் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தை, அதே குரல். கண்ணாடியை மட்டும் கொஞ்ச நாள் அவன் கைக்கு எட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் இருப்பது வாடகை வீடு, மூன்றாவது மாடி. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, குதித்தால் கீழ்வீட்டுக்காரர் வந்துவிடுகிறார். ஐந்து வயது மகளோ ஓடாமல் இருக்க மாட்டாள். ஏறிக் குதித்து விளையாடும் டிராம்போலின் வாங்கலாமா என்று கணவர் கேட்கிறார்.

டிராம்போலின் விஷயத்தில் நான் கண்டிப்பானவள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012-ல் வெளியிட்ட அறிக்கையில் வீட்டில் விளையாட்டுக்காக டிராம்போலின் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. ஒரே நேரத்தில் பலர் குதிக்கும்போதுதான் காயங்களில் முக்கால் பங்கு நடக்கிறது, அதிலும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். கைப்பிடி வைத்த சின்ன டிராம்போலினை நானே தெரபியில் பயன்படுத்துகிறேன், ஆனால் ஒரு குழந்தை, பக்கத்தில் நான், அவ்வளவுதான். அண்ணன் தம்பி வருகிற வீட்டில் அந்தக் கட்டுப்பாடு நிற்காது.

சத்தம் வராத கடினமான வேலைகள் எத்தனையோ உண்டு. தள்ளுவதும் இழுப்பதும் சத்தம் போடாது: தரையில் விரித்த கனமான போர்வையின் மேல் பொம்மைகளை உட்கார வைத்து இழுத்துக்கொண்டு போகலாம், அப்பாவை உட்கார வைத்து இழுக்க முயன்றால் வேர்த்துவிடும். ஊர்ந்து போவதும் சத்தம் போடாது: நாற்காலிகளை வரிசையாக வைத்து மேலே போர்வை போட்டால் குகை. தரையில் நிறப் பேப்பர் டேப்பால் ஒரு கோடு ஒட்டினால் அது கயிறு, பாலம், ரயில் பாதை. உரித்தால் தடம் இருக்காது, வீட்டுக்காரர் கேட்க ஒன்றுமில்லை. சுவரை இரண்டு கையாலும் தள்ளி "வீட்டைப் பெரிசாக்குவது" என் அறைக்கு வரும் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு, அதற்குச் சாமானே வேண்டாம்.

வாங்கத்தான் வேண்டும் என்றால், வளைந்த மரப் பலகை ஒன்று வாங்குங்கள், வில் போல இருக்கும். ஏறி நின்று ஆடலாம், கவிழ்த்தால் பாலம், சாய்த்தால் சறுக்கு, படுத்தால் தொட்டில். அடியில் கம்பளித் துணி ஒட்டியது என்றால் கீழ்வீட்டுக்குச் சத்தம் குறையும். ஒன்று கவனியுங்கள்: மெதுவாக, ஒரே தாளத்தில், முன்னும் பின்னும் ஆடுவது பெரும்பாலான குழந்தைகளை அமைதிப்படுத்தும், வேகமாகச் சுற்றுவதும் திடீர்த் திடீரென்று திசை மாறுவதும் உசுப்பிவிடும். அதனால் தூங்கப் போகும் முன் சுற்றும் விளையாட்டு வேண்டாம், மெதுவான ஆட்டம் மட்டும்.

வீட்டுக்குள் எது செய்தாலும் வெளியே ஓடுவதற்கு அது ஈடாகாது. 3, 4 வயதுக் குழந்தைகள் நாளுக்கு 180 நிமிடம் உடம்பை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஆட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு. ஐந்து வயது ஆனதும் மூச்சு வாங்க ஆடும் அந்த 60 நிமிடம் குறைந்துவிடாது.

கேள்வி: புதிய பொம்மையை ஓரமாகப் போட்டுவிட்டு, அது வந்த அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொள்கிறாள். என்ன செய்ய?

பெட்டியை விட்டுவையுங்கள். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் இருக்கும், சிறந்த பொம்மைகளைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கும் பொம்மைப் பெருமை அரங்கம் 2005-ல் அட்டைப் பெட்டியைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. 2008-ல் குச்சி, 2011-ல் போர்வை, 2021-ல் மணல். நாலுமே உங்கள் மகளுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பெட்டியிலிருக்கும் உலோகப் பின்களைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பக்கமும் ஓட்டை வெட்டிக் கொடுங்கள்.

கேள்வி: ஆறு வயது மகள் சட்டைக் காலர், பென்சில் முனை, ரிமோட் என்று எதையாவது கடித்துக்கொண்டே இருக்கிறாள். கழுத்தில் போடும் கடிப்பான் மாலை வாங்கலாமா மேடம்?

தாடையும் ஒரு பலமான மூட்டுதான். கடிக்கும்போது அங்கே கிடைக்கும் அழுத்தம் பல குழந்தைகளுக்கு மனதை ஒருமுகப்படுத்த உதவுகிறது. எழுதும்போதும் யோசிக்கும்போதும் கடிப்பது கூடுகிறதா என்று பாருங்கள். வாயைத் தட்டிவிட்டால் விரலுக்குப் போவாள்.

கழுத்து மாலையை நான் பரிந்துரைப்பதில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-ல், பல் முளைக்கும்போது கொடுக்கும் மாலை, வளையல்களைப் பற்றி எச்சரித்தபோது, புலன் தேடலுக்காகக் கடிக்கும் பிள்ளைகளையும் சேர்த்தே சொன்னது. கழுத்தை இறுக்கலாம், மணி அறுந்து தொண்டையில் அடைக்கலாம். கடிப்பதற்கு ஏதாவது கொடுக்கத்தான் வேண்டும் என்றால் ஒரே துண்டாக வார்த்த, உணவுத் தரமுள்ள சிலிக்கான் கடிப்பான் வாங்கி, கையில் பிடிக்கும்படி கொடுங்கள், பல் தடம் ஆழமாகி விண்டுபோகத் தொடங்கியதும் தூக்கிப் போடுங்கள். அதைவிட, வாய்க்கு வேறு வேலை கொடுத்துப் பாருங்கள்: சோப்புக் குமிழி ஊதுவது, குழாயால் ஊதிப் பஞ்சு உருண்டையை மேசையில் ஓட்டுவது, ஊதலில் பாட்டு வாசிப்பது. ஊதுவதும் கடிப்பது போலவே வாய்த் தசைகளுக்கு வேலை.

கடிப்பதோடு நிற்காமல் காகிதம், மண், நூல் என்று விழுங்குகிறாள் என்றால் அதைப் பொம்மையால் தீர்க்க முடியாது. குழந்தை மருத்துவரிடம் சொல்லி இரும்புச்சத்து அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தண்ணீரில் ஊறிப் பெருகும் வண்ண மணிகளைத் தொட்டுக்கொண்டே இருந்தால் என் மகன் அமைதியாகிவிடுகிறான். ஆபத்து என்று ஒருவர் சொன்னார், உண்மையா?

உண்மை, இன்றைக்கே வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். விழுங்கினால் அது வயிற்றுக்குள்ளும் பெருகும், குடலை அடைக்கும், சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. தம்பி தங்கை தவழும் வீட்டில் தரையில் உருண்டுபோன ஒரே மணி போதும். இதே வேகத்தில் இன்னும் இரண்டு விஷயம். பட்டன் பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கும். சக்தி வாய்ந்த சின்னக் காந்தங்களை ஒன்றுக்கு மேல் விழுங்கினால் அவை குடல் சுவர்களுக்கு இடையில் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். எதையாவது விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மூன்று வயதுக்குக் கீழே என்றால் அளவு பார்த்து வாங்க ஒரு வழி உண்டு. டாய்லெட் பேப்பர் உருளைக்கு நடுவில் இருக்கும் அட்டைக் குழாய்க்குள் முழுதாக நுழையும் எந்தச் சாமானும் வேண்டாம்.

உங்கள் மகன் கேட்பது வழுவழுப்பும் குளிர்ச்சியும் என்றால், அகலமான தொட்டியில் கொஞ்சம் தண்ணீர், இரண்டு கோப்பை, ஒரு புனல், ஒரு ஸ்பாஞ்சு. பிழிவது கைத் தசைக்கும் நல்லது. பக்கத்திலேயே நீங்கள் இருக்க வேண்டும், சில சென்டிமீட்டர் தண்ணீரிலும் குழந்தை மூழ்கும். முடிந்ததும் உடனே கொட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பையன் இப்படித்தான் எல்லாவற்றையும் தொட்டு, இடித்து, சுற்றிக்கொண்டே இருக்கிறான். இது ஆட்டிசமா, ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவு, மிகைத்துடிப்புப் பிரச்சினையா? பயமாக இருக்கிறது.

நேரில் பார்க்காமல் நான் எதுவும் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் உங்கள் பயத்துக்கு ஒரு பதில் வேண்டும். புலன் தேடல் ஒரு நோயின் பெயர் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேட்டில் புலன் சிக்கல் தனி நோயாக இல்லை. ஆட்டிசத்துக்கான அடையாளங்களில் ஒன்றாக மட்டும் வருகிறது. எந்த நோயும் இல்லாத எத்தனையோ குழந்தைகள் ஓடுகிறார்கள், சுற்றுகிறார்கள், இடிக்கிறார்கள். ஓடுவதை வைத்து மட்டும் யாராவது உங்கள் பையனுக்குப் பெயர் சூட்டினால் ஏற்காதீர்கள்.

நான் கவனிக்கச் சொல்வது வேறு. கூப்பிட்டால் திரும்புகிறானா, தனக்குப் பிடித்ததை உங்களிடம் கொண்டுவந்து காட்டுகிறானா, பேச்சு வயதுக்கேற்ப வளர்கிறதா, வந்த பேச்சு நின்றுபோனதா? காயம் பட்டாலும் வலி தெரியாதவன் போல இருக்கிறானா? தூக்கம், சாப்பாடு, பள்ளி, நட்பு இவற்றில் ஏதாவது அவனால் முடியாமல் போகிறதா? இதில் ஒன்று உறுத்தினாலும் குழந்தை மருத்துவரைப் பாருங்கள், அவர் தேவைப்பட்டால் எங்களைப் போன்றவர்களிடம் அனுப்புவார். நல்ல பொம்மை நல்ல விளையாட்டைத் தரும், அது சிகிச்சைக்குப் பதில் ஆகாது. எடை வைத்த சட்டையும் போர்வையும் எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று விற்கிறார்கள், அப்படிச் சொல்லும் அளவுக்கு உறுதியான சான்று கிடையாது. கைக்குழந்தைக்கு எடைப் போர்வை கூடவே கூடாது.

கேள்வி: மழலையர் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 15 பிள்ளைகள், அதில் மூன்று பேர் ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டார்கள். வாங்க நிதி இல்லை. இருப்பதை வைத்து என்ன செய்யலாம்?

உங்கள் கடிதம் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் மூன்று பேரையும் பற்றி ஒரு குறை வார்த்தைகூட அதில் இல்லை.

சைமன் நிக்கல்சன் என்ற கலைஞர் 1971-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஓர் இடத்தில் நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் முடிகிற உதிரிச் சாமான் எவ்வளவு இருக்கிறதோ, அந்த அளவுக்கு அங்கே குழந்தை தானாகக் கண்டுபிடிக்கும் என்பது அவர் கருத்து. அதைப் படித்த பிறகு நானே என் அறையில் பாதிப் பொம்மைகளை எடுத்துவிட்டு உதிரிச் சாமான் வைத்தேன். பலகைத் துண்டு, பழைய டயர், வாளி, கயிற்றுத் துண்டு, துணி, குழாய், பெட்டி. அந்த மூன்று பேருக்கும் இது ஏன் பொருந்தும் என்றால், எழுந்து நடந்து தூக்கிக்கொண்டு வருவதே அங்கே விளையாட்டு, அதற்காக யாரும் அவர்களை அதட்ட வேண்டியதில்லை. ஒரு டயரைத் தனியாக நகர்த்த முடியாது, இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். யாரையும் இடித்துக்கொண்டே திரிந்த ஒரு பையன் டயரின் மறுபக்கத்தைப் பிடிக்க ஆள் தேடி, "வாடா, தூக்கலாம்" என்று முதல் முறையாக ஒருவனைக் கூப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன், இன்றைக்கும் மறக்கவில்லை.

டயரில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா, பலகையில் சிலாம்பு இருக்கிறதா என்று தினமும் கையால் தடவிப் பாருங்கள். கயிறு கழுத்தைச் சுற்ற முடியாத நீளத்தில் வெட்டப்பட்டிருக்கட்டும். சாமானை ஒரு ஓரத்திலும் கட்டும் இடத்தை எதிர் ஓரத்திலும் வையுங்கள், நடுவில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதற்காகவே. முடிந்ததும் ஒதுக்கி வைக்கும் வேலையை அந்த மூன்று பேரிடம் முதலில் கொடுங்கள், கனமானதை அவர்களுக்கே. கதை நேரம் அதற்குப் பிறகு.

கேள்வி: பிறந்த நாளுக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும். மூன்று வயது. ஓடும், தட்டும், கவிழ்க்கும் குழந்தை. எதை வாங்க?

மரக் கட்டைகள், வண்ணமில்லாதவை, நிறைய. மழலையர் பள்ளிக்குக் கிண்டர்கார்டன் என்று 1840-ல் பெயர் வைத்த ஃபுரோபெல் குழந்தைகளுக்காகத் தேர்ந்தெடுத்தவை நூல் பந்தும் மரக் கட்டைகளும்தான். 1914-ல் நியூயார்க்கில் பள்ளி தொடங்கிய கரோலின் பிராட் வடிவமைத்த கட்டையில் தடிமன் ஒரு பங்கு என்றால் அகலம் இரண்டு பங்கு, நீளம் நாலு பங்கு. ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் நீளம், 7 அகலம், 3.5 தடிமன். இரண்டு சின்னதை வைத்தால் ஒரு பெரியது சரியாக வரும், குழந்தை அதைத் தானே கண்டுபிடிக்கும். பெரிய கட்டையாக இருந்தால் தூக்கக் கனம் இருக்கும், கவிழ்த்தால் நல்ல சத்தம் வரும், இரண்டும் உங்கள் குழந்தைக்குத் தேவை.

பத்துப் பன்னிரண்டு கட்டை இருக்கும் பெட்டி வேண்டாம், கோபுரம் பாதியில் நின்றுவிடும். பலவகைப் பொம்மைக்குச் செலவழிக்க நினைத்ததை ஒரே வகைக் கட்டையில் போடுங்கள், ஐம்பதுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. தச்சு வேலை தெரிந்தவர் யாராவது இருந்தால் அறுத்துத் தரச் சொல்லலாம், ஓரங்களை வழவழப்பாகத் தேய்க்கச் சொல்லுங்கள், சாயம் எதுவும் அடிக்க வேண்டாம். முதல் ஒரு வாரம் அவன் கட்டவே மாட்டான், நீங்கள் அடுக்குவதைக் கவிழ்த்துக்கொண்டே இருப்பான். அடுக்கிக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.